பலகைச் சுவரில் பெயிண்ட் ஏன் உரிகிறது, எப்படி அடித்தால் நிற்கும்?

கேள்வி இது: வீட்டின் வெளிச்சுவர் முழுக்க மரப்பலகை. கீழ்ப்பலகையின் மேல்விளிம்பை மேல்பலகை மூடியபடி வரிசையாக அடித்தது. நான்கு வருடத்துக்கு முன்பு விலையுயர்ந்த பெயிண்டாக வாங்கி, ஆள் வைத்து அடித்தோம். இப்போது ஒரு பக்கச் சுவர் பட்டை பட்டையாக உரிகிறது, மற்ற பக்கங்களிலும் அங்கங்கே கொப்புளம். இந்த முறை நானே அடிக்கலாமென்று இருக்கிறேன். எந்தப் பெயிண்ட் வாங்கினால் உரியாது? பிரஷா, ரோலரா, ஸ்ப்ரே மெஷினா?

எந்தப் பெயிண்ட் என்பதைக் கடைசியில் பேசலாம். நான்கே வருடத்தில் பட்டையாகக் கழன்று வருகிறதென்றால், குற்றவாளி டப்பாவுக்குள் இருப்பது அபூர்வம். ஒன்று, பலகைக்குள் தண்ணீர் ஏறுகிறது. அல்லது, பெயிண்ட் உட்கார்ந்த பரப்பு அதைப் பிடித்துவைக்கும் நிலையில் இல்லை. இரண்டில் எது என்று தெரியாமல் மறுபடி அடித்தால், அடுத்த நான்காவது வருடம் இதே கேள்வியோடு நிற்பீர்கள்.

நல்லவேளையாக, உரிந்த சில்லே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கையளவு சில்லு ஒன்றைப் பெயர்த்து அதன் முதுகைப் பாருங்கள். சாம்பல் நிற மரநார் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், வெயிலில் நைந்த மரத்தின் மேல் அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் மரத்தை விடவில்லை, மரத்தின் மேல்தோல்தான் மரத்தை விட்டிருக்கிறது. முதுகில் மாவு மாதிரித் தூள் இருந்தால், பழைய பெயிண்ட் பொடிந்து நின்றதைக் கழுவாமலே மேலே பூசியிருக்கிறார்கள். கொப்புளத்தை பிளேடால் கீறிப் பாருங்கள். உள்ளே வெறும் மரம் தெரிந்தால், ஈரம் உள்ளிருந்து தள்ளியிருக்கிறது. உள்ளே பழைய பெயிண்டின் நிறம் தெரிந்தால், கொதிக்கிற வெயிலில் அடித்திருக்கிறார்கள். மேல்தோல் சட்டென்று காய்ந்து, அடியில் இருந்த ஆவி வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டது.

எங்கே உரிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். குளியலறை, சமையலறைக்கு நேர் வெளிப்புறத்தில் மட்டும் உரிந்தால், வீட்டுக்குள்ளிருக்கும் நீராவி சுவர் வழியாக வெளியே போகிறது. இறவாணத்துக்குக் கீழே உரிந்தால், மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு சுவர்மேல் வழிகிறது. அடிவரிசைப் பலகை மட்டும் கெட்டிருந்தால், மண்ணுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி போதவில்லை (15 செ.மீ. ஆவது வேண்டும்), அல்லது செடிகள் சுவரை உரசிக்கொண்டு காயவிடாமல் வைத்திருக்கின்றன.

நான் இந்தப் பாடத்தைக் கற்றது ஒரே ஒரு ஜன்னலின் அடியில். அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை மரம் தெரியச் சுரண்டி, பிரைமர் (பெயிண்டுக்கு முன் வைக்கும் அடிப்பூச்சு) வைத்து, ஒழுங்காக அடித்தேன். இரண்டு முறையும் ஒன்றரை வருடத்தில் கொப்புளம். மூன்றாவது முறை எரிச்சலில் பலகையையே கழற்றினேன். குளியலறை மின்விசிறியின் குழாய் வெளிச்சுவர் வரை வராமல், சுவருக்குள்ளேயே பாதியில் முடிந்திருந்தது. குளிக்கிற ஒவ்வொரு முறையும் அந்த வெந்நீர் ஆவி முழுக்க என் பெயிண்டின் முதுகில்தான் போய் மோதியிருக்கிறது. குழாயை நீட்டி வெளியே விட்டபின் அந்த இடம் தொந்தரவு செய்யவில்லை.

சரி, காரணம் தெரிந்து அதைச் சரிசெய்தும் விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒன்று. வீடு பழையதென்றால் அடியில் இருக்கும் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டுக்கு அது தடை செய்யப்பட்டதே 1978இல்தான். ஈயத் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து. ஒரு சில்லைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்துவிடுங்கள். ஈயம் இருந்தால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடக் கூடாது, நெருப்பால் எரித்து எடுக்கவே கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்தே சுரண்ட வேண்டும், கீழே பிளாஸ்டிக் விரித்துச் சில்லுகளைச் சேகரிக்க வேண்டும். பலகை மரமாக இல்லாமல் பழைய சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகம் வரும். அதைத் தேய்ப்பதும் அழுத்த நீரால் அடிப்பதும் கூடாது. இரண்டுமே இதற்கென்று பயிற்சி பெற்ற ஆளிடம் விட வேண்டிய வேலை.

கழுவுவதில் பெரிய வித்தை இல்லை. ஆனால் விட்டுவிட முடியாது. கறுப்பாகத் தெரிவது அழுக்கா பூஞ்சையா என்று தெரியாவிட்டால் ஒரு சொட்டு பிளீச் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சை, அப்படியே இருந்தால் அழுக்கு. பூஞ்சைக்கு ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து அடித்து, சிறிது நேரம் விட்டு நன்றாக அலச வேண்டும். பிளீச்சோடு அம்மோனியா உள்ள எந்தச் சோப்பையும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். பூஞ்சையின் மேலேயே பெயிண்ட் அடித்தால் அது புதுப் பெயிண்டுக்குள் ஊடுருவி வெளியே எட்டிப்பார்க்கும். அழுக்குக்கு மிதமான சோப்புத் தண்ணீரும் நீளக்காம்பு பிரஷும் போதும். சோப்பைக் கீழிருந்து மேலாகப் பூசினால் அழுக்குத் தண்ணீர் கோடு விழாது. அலசுவது மேலிருந்து கீழ்.

பிரஷர் வாஷரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. வேலை வேகமாக முடியும் என்பது உண்மைதான். ஆனால் கீழே நின்றுகொண்டு மேல்நோக்கிப் பீய்ச்சினால் தண்ணீர் பலகைகளின் அடுக்குக்கு அடியில் புகுந்து சுவருக்குள் போய்விடும். நெருங்கிப் பிடித்தால் மரத்தின் மென்மையான பகுதியைச் செதுக்கிவிடும். பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால் அகலமாக விரியும் முனை, குறைந்த அழுத்தம், நேராகவோ கீழ்நோக்கியோ பிடித்தல். கழுவியபின் இரண்டு மூன்று நாள் நல்ல உலர் வானிலையில் விடுங்கள். ஊசி வைத்த ஈரமானி ஒன்று இருந்தால் யூகமே வேண்டாம். மரத்தின் ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் பிரைமர்.

சுரண்டும்போது எல்லாவற்றையும் மரம் வரை எடுக்க வேண்டியதில்லை. தளர்ந்தது போக வேண்டும், உறுதியாக நிற்பது இருக்கலாம். எது உறுதி என்பதற்கு ஒரு சோதனை: பிளேடால் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். பெயிண்ட் கூட வந்தால் அதுவும் போக வேண்டியதுதான். சுரண்டி முடித்த இடத்தில் பழைய பெயிண்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு படி நிற்கும். அந்த விளிம்பை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் சரிவாக்க வேண்டும். இது அழகுக்கு மட்டும் அல்ல. அந்த விளிம்பு கூர்மையாக இருந்தால் புதுப் பெயிண்ட் அங்கே மெலிந்து, முதல் வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

வெறும் மரம் சாம்பல் பூத்திருந்தால், புது மரநிறம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். சூரியனின் புற ஊதாக் கதிர், மரநார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பசையைச் சிதைத்துவிடுகிறது. புதுப் பலகையைக்கூட வெயிலில் 2, 3 வாரம் வெறுமனே விட்டாலே பெயிண்டைப் பிடிக்கும் திறன் குறைகிறது என்று அமெரிக்க வனத்துறையின் மரப்பொருள் ஆய்வகம் (விஸ்கான்சின் மாநிலம், மேடிசன்) சொல்லிவருகிறது. ஆகையால் இன்று தேய்த்த இடத்துக்கு இன்றோ நாளையோ பிரைமர் வைத்துவிடுங்கள். வீடு முழுக்கத் தேய்த்துவிட்டு அடுத்த மாதம் வருகிறேன் என்பது, செய்த வேலையை நீங்களே அழிப்பது போல. ஒரு சுவரை எடுத்தால் சுரண்டல், தேய்ப்பு, பிரைமர் மூன்றையும் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவதுதான் என் வழக்கம்.

ரொம்ப மழமழப்பாகவும் தேய்க்காதீர்கள். இது மேஜை அல்ல. கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் பெயிண்டுக்குப் பிடிமானம். சொரசொரப்பான அறுப்புமுகத்தைக் காட்டி அடித்த பலகையில் பெயிண்ட் அதிக காலம் நிற்பதும் இதனால்தான்.

பிரைமரில் ஒரு விஷயம் முக்கியம். தேவதாரு வகை, ரெட்வுட் என்னும் சிவப்பு மரம் போன்றவற்றில் தண்ணீரில் கரையும் டானின் என்ற துவர்ப்புப்பொருள் இருக்கிறது. சாதாரண நீர்சார் பிரைமர் அடித்தால் பழுப்புக் கறை வெள்ளைப் பெயிண்டின் வழியாக வெளியே கசியும். அதற்குக் கறையைத் தடுக்கும் எண்ணெய்ப் பிரைமரோ, கறைத்தடுப்பு என்றே போட்டு விற்கும் அக்ரிலிக் பிரைமரோ வேண்டும். பலகையின் வெட்டுமுனைகளை யாரும் கவனிப்பதில்லை. மரம் தண்ணீர் குடிப்பது முக்கியமாக அந்த முனை வழியாகத்தான். குழாய்க் கற்றையைக் குறுக்கே வெட்டியது போல அது. புதுப் பலகை மாற்றும்போது முகம், முதுகு, விளிம்பு, முனை என்று ஆறு பக்கமும் பிரைமர் அடித்துவிட்டு ஆணி அடியுங்கள். பிரைமர் வைத்தபின் இரண்டு வாரத்துக்குள் மேல்பூச்சு வந்துவிட வேண்டும்.

இடுக்கை அடைக்கும் பசையான சீலன்ட் விஷயத்தில் எல்லோரும் அள்ளிப் பூசுகிறார்கள். பலகையும் ஜன்னல் சட்டமும் சேரும் செங்குத்து இடுக்கு, மூலைச்சட்டத்தின் ஓரம், இவற்றை அடையுங்கள். ஆனால் ஒரு பலகை இன்னொன்றின்மேல் ஏறி நிற்கும் கிடைக்கோட்டு அடிவிளிம்பை அடைக்கவே கூடாது. உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேறுகிற வாசல் அது. அதை மூடினால் சுவர் தண்ணீரைத் தேக்கிவைத்து, கொப்புளமாக உங்களுக்குத் திருப்பித் தரும். போன முறை அடித்தவர்கள் அதை அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்; அடைத்திருந்தால் அதுவே உங்கள் ஒரு பக்கச் சுவருக்குக் காரணமாக இருக்கலாம். அப்புறம், முழு சிலிக்கான் சீலன்ட்மேல் பெயிண்ட் ஒட்டாது. பெயிண்ட் அடிக்கக்கூடியது என்று குழாயின் மேலேயே போட்டிருக்கும் அக்ரிலிக் வகையை வாங்குங்கள். பிரைமர் காய்ந்தபின் சீலன்ட் வைத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

இனி அடிக்கும் நாள். நீர்சார் பெயிண்டுக்கு 10 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை நல்லது. சிலவற்றை இதற்கும் குளிரில் அடிக்கலாம், டப்பாவில் போட்டிருக்கும். அதைவிட முக்கியம் சுவரின் வெப்பநிலை. அது பனிப்புள்ளியைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் மேல் அடித்துக்கொண்டிருப்பீர்கள். காலையில் பனி உலர்ந்தபின் தொடங்கி, மாலையில் பனி இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். வெயில் படும் சுவரில் அடிக்காதீர்கள். நிழல் வீட்டைச் சுற்றி நகரும், நீங்களும் அதன் பின்னாலேயே நகர்ந்தால் போதும்.

எல்லா டப்பாவையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் டப்பாவுக்கு டப்பா நூலளவு மாறும். சுவரின் நடுவில் புது டப்பா திறந்தால் அந்தக் கோடு வெயிலில் நன்றாகத் தெரியும்.

பலகைச் சுவரில் திட்டுத்திட்டாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அடித்த வரிசைதான். சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஏணி எட்டும் அளவுக்கு அடித்துவிட்டு ஏணியை நகர்த்தி அடுத்த கட்டத்தை அடித்தால், இரண்டு கட்டம் சேரும் இடத்தில் காய்ந்த விளிம்பின்மேல் ஈரம் ஏறி இரட்டைப் பூச்சாகிவிடும். அதற்குப் பதில் மேலே மூன்று நான்கு பலகைகளை எடுத்துக்கொண்டு, மூலையிலிருந்து ஜன்னல் வரையோ அடுத்த மூலை வரையோ நீளவாக்கில் முடித்துவிட்டு, பிறகு கீழே இறங்குங்கள். ஏணியைப் பத்துமுறை தூக்கிவைக்க வேண்டும்தான். அலுப்பாக இருந்தால் சாரம் கட்டுங்கள். விளிம்பு காய்வதற்குள் அடுத்த கை வந்து சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

ஒவ்வொரு பலகையிலும் முதலில் அடிவிளிம்பு, பிறகு முகம். மாற்றி அடித்தால் விளிம்பிலிருந்து வழிந்த சொட்டு கீழ்ப்பலகையின் முகத்தில் காய்ந்து நிற்கும். பிரஷ் 4 அங்குலம், நைலானோ பாலியெஸ்டரோ. இயற்கை மயிர் பிரஷ் நீர்சார் பெயிண்டில் ஊறித் துவண்டுவிடும். மயிரில் மூன்றில் ஒரு பங்குதான் முக்க வேண்டும், வாளியின் ஓரத்தில் வழித்தெடுக்காமல் தட்டினால் போதும். பலகையில் இரண்டு மூன்று இடத்தில் பெயிண்டை வைத்து, பரப்பி, கடைசியாகப் பிரஷின் நுனியால் லேசாக ஒரு நீள இழுப்பு. அந்த இழுப்பு இப்போது அடித்த இடத்திலிருந்து ஏற்கெனவே அடித்த ஈரத்தை நோக்கிப் போய், ஓடுகிற ஓட்டத்திலேயே பிரஷ் மேலே எழ வேண்டும். அங்கே நிறுத்தி எடுத்தால் தழும்பு விழும்.

ரோலர் தனியாகப் பலகைச் சுவருக்குப் போதாது, இடுக்குக்குள் போகாது. ஆனால் ஒருவர் சிறு ரோலரால் பெயிண்டைச் சுவரில் ஏற்றிக்கொண்டே போக, இன்னொருவர் பின்னாலேயே பிரஷால் இழுத்துக்கொண்டு வந்தால், பிரஷ் வேலையின் தரம் கிடைக்கும், நேரமும் மிச்சம். இரண்டு பேர் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஸ்ப்ரே மெஷின் வாடகைக்குக் கிடைக்கும், ஆசையாகவும் இருக்கும். அதன் முனையில் 515, 517 என்று ஒரு எண் இருக்கும். முதல் இலக்கத்தை இரண்டால் பெருக்கினால், ஓரடி தூரத்தில் பெயிண்ட் விசிறும் அகலம் அங்குலத்தில் கிடைக்கும். அடுத்த இரண்டு இலக்கம் துவாரத்தின் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று. 515 என்றால் 10 அங்குல விசிறி, 0.015 அங்குலத் துவாரம். பலகைச் சுவருக்குப் பொருத்தமான அளவு. சுவரிலிருந்து ஓரடி தூரம், எப்போதும் நேர்செங்குத்தாக, ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூடும்படி. கையை வில்லாக வளைத்தால் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்துவிடும். ஸ்ப்ரே அடித்த ஈரத்தின் மேல் உடனே பிரஷ் போட்டு உள்ளே தேய்த்துவிட வேண்டும். இல்லையென்றால் பெயிண்ட் மரத்தின் மேல் தூவி நிற்குமே தவிர, பிளவுக்குள் இறங்காது. காற்று வீசும் நாளில் அண்டை வீட்டுக் காருக்கும் இலவசமாக அடித்துக் கொடுத்துவிடுவீர்கள். இன்னொன்று, விளையாட்டில்லை: அந்த முனையில் விரலை வைக்கவே கூடாது. தோலைத் துளைத்துப் பெயிண்டை உள்ளே ஏற்றிவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் அது விரலை இழக்கக்கூடிய காயம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எத்தனை பூச்சு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 1 லிட்டரை 10 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரப்படலம் 0.1 மி.மீ. காய்ந்தபின் மிஞ்சுவது அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மேலே சொன்ன ஆய்வகம் மரப்பலகைக்குச் சொல்லும் மொத்தக் கனம் 0.10 முதல் 0.13 மி.மீ. அதாவது ஒரு பிரைமர், இரண்டு மேல்பூச்சு. ஒரே பூச்சில் மூடிவிடும் என்று டப்பா சொல்லலாம். நிறத்தை மூடும், மரத்தைக் காக்காது. உங்கள் வீட்டில் போன முறை எத்தனை லிட்டர் வாங்கினார்கள் என்ற பில் இருந்தால், சுவரின் பரப்போடு வகுத்துப் பாருங்கள். சொரசொரப்பான பலகை இதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரமல்லாத பலகை வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: ஃபைபர் சிமெண்டில் வெட்டிய முனைகளுக்குக் காரத்தைத் தாங்கும் பிரைமர் வேண்டும். அலுமினியத்தில் பொடியை முழுக்கக் கழுவி, வெறும் உலோகம் தெரியும் இடத்தில் உலோகப் பிரைமர். வினைல் பலகைக்கு இருந்த நிறத்தைவிட அடர்ந்த நிறம் அடிக்காதீர்கள். அது அதிக வெப்பத்தை உறிஞ்சிப் பலகையை நெளியவைக்கும், வினைலுக்கென்றே தயாரித்த அடர் நிறமாக இருந்தால் தவிர. வினைலின் நான்கு மீட்டர் பலகை வெயிலுக்கும் குளிருக்கும் நடுவே ஒரு செ.மீ.க்கு மேல் நீண்டு சுருங்கும்.

ஏணியை நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து தள்ளி ஊன்றுங்கள். மின்கம்பி இருக்கும் பக்கம் அலுமினிய ஏணி வேண்டாம்.

கடைசியாக, எந்தப் பெயிண்ட். நூறு சதவீத அக்ரிலிக் என்று போட்டிருக்கும் வெளிப்புறப் பெயிண்ட், லேசான பளபளப்பு. மரம் விரிந்து சுருங்கும்போது அது கூடவே நெகிழும், உள்ளேயிருக்கும் நீராவியையும் கொஞ்சம் வெளியேவிடும். எண்ணெய்ப் பெயிண்ட் வருடங்கள் போகப்போக இறுகி வெடிக்கும். நூறு சதவீத அக்ரிலிக், லேசான பளபளப்பு, இந்த இரண்டையும் கவனித்து வாங்கினால், எந்தப் பெயரில் வாங்குகிறீர்கள் என்பது பெரிய விஷயமில்லை. ஒரே ஒரு விலக்கு: உங்கள் சுவரில் வெடிப்பு மரத்தின் ரேகைக்குக் குறுக்கே ஓடினால், பல தலைமுறைப் பெயிண்ட் அடுக்கு தடித்துப்போய்த் தன் இறுக்கத்தாலேயே பிளக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் எதை அடித்தாலும் கூடவே பிளக்கும். அந்தச் சுவரை மட்டும் மரம் வரை முழுக்க எடுத்துவிட்டு, வெறும் பலகையிலிருந்து தொடங்குங்கள்.